அந்த டியூபை அடைக்காதீங்கண்ணே!

வண்டி ரிப்பேர் சமாச்சாரத்துல எனக்குப் பிடிக்காத வார்த்தை ஒண்ணு இருக்குன்னா அது 'அடைச்சுட்டேன்'. ஹீட்டர் லைன் கசியுதா, அடைச்சுட்டேன். தெர்மோஸ்டாட் வேலை செய்யலையா, கழட்டிப் போட்டுட்டு வாயை அடைச்சுட்டேன். இன்ஜின்ல ஒரு டியூப் எங்கேயோ தொங்குது, எதுக்குன்னு தெரியலை, அதையும் அடைச்சுட்டேன். கடைசியா சொன்னதைப் பத்தித்தான் இன்னிக்குப் புலம்பப் போறேன். கார் இல்லாதவங்களும் படிக்கலாம், ஒண்ணும் குடி முழுகிடாது :-)

எங்க வீட்டுல 1998 மாடல் மாருதி 800 ஒண்ணு நிக்குது. கார்புரேட்டர் வண்டி, ஏசி கிடையாது. அப்பா பி.எஃப். லோன் போட்டு வாங்கினது. உத்திரமேரூர்ல எங்க தெருவுக்கு அதுதான் முதல் கார். காஞ்சிபுரம், வந்தவாசி, செங்கல்பட்டுன்னு சுத்தின வண்டி. எத்தனை பேரோட பிரசவத்துக்குப் போயிருக்கும்னு கணக்கே இல்லை. ரெண்டு வருஷமா அப்பா அதைத் தொடறதில்லை. கேட்டா, "பாலம் ஏறும்போது இழுக்க மாட்டேங்குதுப்பா. எனக்குத்தான் கால்ல தெம்பு போச்சு போல. வண்டிக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு"ன்னு சொல்லிட்டு சாவியை ஆணியில மாட்டிட்டார். தம்பி காயலான் கடைக்காரரைக் கூட்டிட்டு வந்து விலையும் பேசியாச்சு. முப்பதாயிரம்.

பொங்கல் லீவுக்குப் போனப்ப சும்மா பானெட்டைத் திறந்து பார்த்தேன். நான் மெக்கானிக் இல்லை. ஆபீஸ்ல கணக்கு எழுதுறவன். ஆனா சின்ன வயசுல அப்பா ஸ்பேனர் கேட்கும்போது எடுத்துக் குடுத்த அனுபவம் உண்டு. ஏர் ஃபில்டர் டப்பா ஓரத்துல பென்சில் மொத்தத்துக்கு ஒரு கறுப்பு டியூப். அதோட வாயில ஒரு துருப்பிடிச்ச ஸ்க்ரூ. மேல கம்பி சுத்தி முறுக்கி வச்சிருக்கு. இன்னொரு முனை டப்பாவுக்கு அடியில போய் மறைஞ்சிடுச்சு.

நேரா நம்ம மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"அதுவா தம்பி, ரெண்டு வருசம் முன்ன கார்பரேட்டரைக் கயட்டி சர்வீஸ் பண்ணேன் இல்ல? திருப்பி மாட்டும்போது அது ஒண்ணு மிஞ்சிடுச்சு. ஏசிக்கு வர்ற டியூபா இருக்கும், உனுக்குத்தான் ஏசி இல்லியே, அடச்சு வுட்டேன். ஒண்ணும் ஆவாது."

'மிஞ்சிடுச்சு'! சாம்பார் மிஞ்சலாம், ஸ்க்ரூ மிஞ்சலாம், டியூப் மிஞ்சுமா?

ஆனா ஒண்ணு சொல்லணும். அவரைக் கிண்டல் பண்றதுக்கு இதை எழுதலை. டிராக்டரோட சத்தத்தை வச்சே எந்த இன்ஜெக்டர் மக்கர் பண்ணுதுன்னு சொல்ற ஆளு அவர். எங்க பக்கத்துல டிராக்டர், நெல்லு அறுக்குற மெஷின், லோடு வண்டி எல்லாமே டீசல். பழைய டீசல் இன்ஜின்ல பெட்ரோல் வண்டி மாதிரி காத்தை அடைக்கிற த்ராட்டில் தகடு இருக்காது, அதனால இழுப்பும் இருக்காது. பிரேக் பூஸ்டருக்கு வேக்கூம் வேணும்னா அதுக்குன்னு தனியா ஒரு பம்பு வைப்பாங்க, பல வண்டியில ஆல்டர்னேட்டர் பின்னாடியே ஒட்டிக்கிட்டு இருக்கும். இந்த நூல் நூலான டியூப் எல்லாம் பெட்ரோல் கார்புரேட்டர் காலத்து சங்கதி. வருஷத்துக்கு நாலு தடவை கண்ணுல படுற விஷயத்துல ஒருத்தர் தடுமாறினா அது குத்தமில்லை. அவர் யூகமும் அபத்தம் இல்லை. ஏசி வச்ச கார்புரேட்டர் வண்டியில, கம்ப்ரஸர் ஓடும்போது ஐட்லிங் படுத்துடாம தூக்கிக் குடுக்க ஒரு தனி டியூப் உண்டுதான்.

சரி, இந்த வேக்கூம் டியூப் என்னதான் பண்ணுது? பிஸ்டன் கீழே இறங்கும்போது காத்தை உறிஞ்சும். நாம ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடிக்கும். காத்து வர வழி இல்லை, பிஸ்டன் இழுக்குறதை நிறுத்தறதும் இல்லை. அதனால மேனிஃபோல்டுக்குள்ள நல்ல இழுப்பு உண்டாகும். ஆரோக்கியமான இன்ஜின்ல ஐட்லிங்ல 18-லேர்ந்து 21 அங்குல பாதரசம் காட்டும். வெளிக்காத்தோட மொத்த அழுத்தமே சுமார் 30 அங்குலம்தான்னா பார்த்துக்குங்க. சும்மா கிடைக்கிற இந்த இழுப்பை வீணாக்குவானேன்னு பழைய இன்ஜினியர்கள் அதுக்கு வேலை குடுத்தாங்க. ஒரு காலத்துல வைப்பர் கூட வேக்கூம்ல ஓடிச்சு. மேடு ஏறும்போது முழுசா மிதிச்சா இழுப்பு குறைஞ்சு, கொட்டுற மழையில வைப்பர் படுத்துக்கும். நல்லவேளை, அது ஒழிஞ்சது.

மத்த வேலைகள் இன்னும் இருக்கு. அதனாலதான் தெரியாத டியூபை அடைக்கிறது ஆபத்து. கொஞ்சம் தடிமனா ஒண்ணு பிரேக் பூஸ்டருக்குப் போகும். அதை அடைச்சா பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பிரேக் பிடிக்கும், ஆனா ரெண்டு காலையும் வச்சு ஏறி நிக்கணும். பெட்ரோல் டேங்கோட ஆவியை கரி டப்பாவுக்குக் கொண்டு போற லைன் ஒண்ணு. காத்துப் போற வழியை அடைச்சுட்டா டேங்குக்குள்ள இழுப்பு சேர்ந்து, பத்து கிலோமீட்டர் ஓடி வண்டி நின்னுடும், மூடியைத் திறந்தா 'புஸ்'னு சத்தம் வரும், திரும்ப ஓடும். பேய் பிடிச்ச வண்டின்னு பேர் வாங்கிடும்.

என்னைக் கேட்டா எல்லாத்தையும் விட மோசமானது, இன்ஜின் உள்ளே சேர்ற புகையை வெளியே இழுக்குற பி.சி.வி. டியூப். அதை அடைச்சா உள்ளே அழுத்தம் ஏறும். ஏறினா ஆயில் சும்மா இருக்குமா, சீல் வழியாப் பிதுங்கும். உடனே "சீல் போச்சு சார், இன்ஜினை இறக்கணும்"பாங்க. புது சீலும் மூணு மாசத்துல ஒழுகும். நூறு ரூபா டியூப், பத்தாயிரம் ரூபா வேலை. எத்தனை 800, எத்தனை ஆம்னி இப்படி காயலான் கடைக்குப் போயிருக்கும்னு நினைச்சா வயித்தெரிச்சல்.

எங்க வீட்டு டியூபுக்கு வருவோம். ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழட்டி, டியூபைக் கையால தடவிக்கிட்டே போனேன். வளைஞ்சு, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்துல ஒட்டியிருக்குற ஒரு வட்டத் தகர டப்பாவுல போய் நின்னுச்சு. அதுக்குள்ள இருக்குறது டயாப்ரம், அதாவது ஒரு ரப்பர் சவ்வு. இழுப்பு வந்தா சவ்வு நகரும், நகர்ந்தா ஸ்பார்க் கொஞ்சம் முன்னாடி வரும். வேக்கூம் அட்வான்ஸ்ம்பாங்க. இங்கேயே ஒரு வேடிக்கை. இது இழுப்பைக் குடுக்குற டியூப் இல்லை, வாங்குற டியூப். இதோட வாயில ஸ்க்ரூ போட்டு அடைச்சதால எந்தக் கசிவும் நிக்கலை. தொட்டிக்குத் தண்ணி வர்ற பைப்பைக் கழட்டிட்டு, தொட்டிப் பக்கத்து வாயை மட்டும் அடைச்ச கதை. குழாய்ப் பக்கம் திறந்துதான் கிடக்குது.

அப்ப அந்தக் குழாய்ப் பக்கம் எங்கே? டார்ச் அடிச்சுத் தேடினா, கார்புரேட்டர் உடம்புல மண்ணு அப்பின ஒரு பித்தளை நிப்பிள். துடைச்சா, ரொம்ப நாள் டியூப் உட்கார்ந்திருந்த தடம் வளையமாத் தெரியுது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி விரலை வச்சேன். இழுப்பே இல்லை! தப்பான நிப்பிளோன்னு ஒரு நிமிஷம் சந்தேகம். தம்பியை லேசா ஆக்சிலேட்டர் குடுக்கச் சொன்னேன். விரல் பச்சக்குனு ஒட்டிக்கிச்சு.

இந்த ஒரு சோதனை போதும், பாதி மர்மம் தீர்ந்துடும். ஐட்லிங்லேயே இழுத்தா அந்த நிப்பிள் த்ராட்டில் தகடுக்குக் கீழே, நேரா மேனிஃபோல்டோட தொடர்புல இருக்கு. பூஸ்டர் மாதிரி எப்பவும் இழுப்பு வேணுங்கிற ஆளுங்களுக்கு அது. ஐட்லிங்ல சும்மா இருந்து, மிதிச்சா மட்டும் இழுத்தா, ஓட்டை தகடோட விளிம்புக்குச் சற்று மேலே இருக்கு. தகடு திறந்தாத்தான் அதுக்கு இழுப்பு போகும். எங்க வண்டியில வேக்கூம் அட்வான்ஸுக்கு வேண்டியது இந்த ரெண்டாவது வகை. ஐட்லிங்ல இழுக்காததாலதான் ரெண்டு வருஷமா திறந்து கிடந்தும் இன்ஜின் தடுமாறலை, யாருக்கும் சந்தேகம் வரலை. ஓடும்போது மட்டும் வடிகட்டாத தூசிக் காத்தை உறிஞ்சிக்கிட்டே இருந்திருக்கு.

சவ்வு கிழியாம இருக்கான்னு பார்க்கணுமே. அதுக்குக் கருவி இருக்கு, நம்மகிட்ட இல்லை. மெடிக்கல் ஷாப்ல 50 மில்லி சிரிஞ்ச் வாங்கினேன். "மாட்டுக்கா?"ன்னு கேட்டார். "காருக்கு"ன்னேன், ஒரு மாதிரியாப் பார்த்தார். டியூப்ல சொருகி இழுத்துப் பிடிச்சா பிடிச்ச இடத்துலேயே நிக்குது, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தா உள்ளே தகடு நகருது. சவ்வு நல்லா இருக்கு. (சில பேர் வாயால உறிஞ்சிப் பார்ப்பாங்க. பெட்ரோல் ஆவி வர்ற லைன்ல வாயை வச்சுத் தொலைக்காதீங்க.) பழைய டியூப் விறைச்சுப் போய் முனையில வெடிச்சிருந்தது. ஜி.பி. ரோட்டுல சரியான வேக்கூம் டியூப் வாங்கிட்டு வந்து மாட்டினேன். சொட்டுநீர்ப் பாசன டியூப், ஆஸ்பத்திரி குளுக்கோஸ் டியூப், மீன் தொட்டி டியூப் எல்லாம் மாட்டுறவங்களைப் பார்த்திருக்கேன். இன்ஜின் சூட்டுல இளகி, இழுப்புல சப்பிப் போய் ஒட்டிக்கும். அப்புறம் மாட்டியும் மாட்டாத மாதிரிதான்.

மாட்டினதும் அப்பாவைக் கூட்டிட்டுப் போய் ஸ்டியரிங்ல உட்கார வச்சேன். பாலம் ஏறி இறங்கி வந்தார். ஒண்ணும் பேசலை. மறுநாள் காலையில பார்த்தா வண்டியைக் காணோம். காஞ்சிபுரம் போயிருக்கார், தனியா. அம்மாகிட்ட எனக்குச் செம திட்டு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. முழுசா மிதிச்சு ஓட்டும்போது மேனிஃபோல்டு இழுப்பு போயிடும், வேக்கூம் அட்வான்ஸுக்கு அப்ப வேலையே இல்லை. பாதி மிதியில ஓட்டும்போதுதான் அது தேவை. உள்ளே போற கலவை அப்ப அடர்த்தி குறைவு, மெதுவா எரியும், ஸ்பார்க் சீக்கிரம் வரணும். மெக்கானிக் அண்ணன் டெஸ்ட் ஓட்டும்போது மிதிச்சே ஓட்டுவார், அவருக்கு வண்டி ஜம்முனு போகும். அப்பா வாழ்நாள்ல பாதிக்கு மேல மிதிச்சதில்லை. ஆக ரெண்டு பேர் சொன்னதும் உண்மை. 'வண்டி நல்லாத்தான் இருக்குது, பெரியவருக்குத்தான் முடியலை'ன்னு முடிவு கட்டினோம் பாருங்க, அதுதான் பொய். லிட்டருக்கு 16 குடுத்த வண்டி 14 குடுத்ததுக்கும் பங்க்குக்காரனைத் திட்டிக்கிட்டு இருந்தோம்.

இப்ப என் கருத்து. தப்பு மெக்கானிக் மேல பாதி கூட இல்லை. அவர்கிட்டயே கேட்டேன், "ஏண்ணே, ஒரு மணி நேரம் தேடியிருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்களே?"ன்னு. "தேடுனதுக்கு எவன் தம்பி காசு குடுப்பான்? சாமான் மாத்துனாத்தான் காசு. உங்க தம்பி அன்னிக்கு சாயங்காலம் கல்யாணத்துக்குப் போவணும்னு வாசல்லயே நின்னுக்கினு இருந்தாரு"ன்னார். என்ன பதில் சொல்ல? டாக்டர் கை பிடிச்சுப் பார்த்ததுக்கே ஃபீஸ் குடுக்குறோம். மெக்கானிக் ஒரு மணி நேரம் குனிஞ்சு பார்த்துட்டு "ஒண்ணுமில்லை, டியூப் கழண்டிருந்துச்சு"ன்னா பத்து ரூபா குடுக்க மூக்கால அழறோம். அப்புறம் அவர் எதையாவது மாத்தத்தான் செய்வார், எதையாவது அடைக்கத்தான் செய்வார். பார்க்குறதுக்குக் காசு குடுங்கய்யா. நான் அன்னிக்கு ஐநூறு ரூபா குடுத்தேன், ரெண்டு வருஷம் லேட்டா.

மீதித் தப்பு படத்தை ஒளிச்சு வைக்கிறவங்க மேல. எங்க மாவட்டத்துலேயே இருங்காட்டுக்கோட்டையிலயும் ஒரகடத்துலயும் கார் தொழிற்சாலை இருக்கு. ஆனா ஒரு பழைய இன்ஜினோட டியூப் எங்கேர்ந்து எங்கே போகுதுங்கிற ஒரு பக்கப் படம் உத்திரமேரூர் ஷெட்டுல இருக்கா? அமெரிக்காவுல 1980-கள்ல வந்த கார்களைப் பாருங்க, வேக்கூம் டியூப் படத்தை பானெட்டுக்கு அடியில ஸ்டிக்கரா ஒட்டியிருப்பாங்க. மாசுக் கட்டுப்பாட்டு விதி அப்படி. இங்கே படம் சர்வீஸ் மேனுவல்ல தூங்கும், மேனுவல் கம்பெனி டீலர்கிட்ட தூங்கும்.

இது என் சொந்தப் புலம்பல் மட்டும் இல்லை. உதிரி பாகங்களையும் தொழில்நுட்பத் தகவலையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காம பண்றாங்கன்னு ஒரு புகாரை விசாரிச்சு, 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. கம்பெனிகள் அப்பீல் போச்சு, கோர்ட்டு கேஸுன்னு இழுத்துச்சு. 2022 டிசம்பர்ல மத்திய அரசு 'ரிப்பேர் பண்ணிக்கிற உரிமை'க்குன்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சது, அதுல வாகனங்களும் ஒரு பிரிவு. நல்ல விஷயம். ஆனா என் ஆசை அதைவிடச் சின்னது. 800 தயாரிப்பை நிறுத்தினதே 2014 ஜனவரியில. கார்புரேட்டர் அதுக்கும் வெகு முன்னாடியே போயாச்சு. இனிமே அதுல என்ன தொழில் ரகசியம்? எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி, தயாரிப்பு நின்ன வண்டியோட படங்களைப் பொதுவுல, தமிழ்லயும் போட்டுடணும்.

எங்க ஊர்க்காரன் இதைக் கேட்க ஒரு தனி உரிமையே இருக்கு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல குடவோலைக் கல்வெட்டு இருக்கே, முதலாம் பராந்தகன் காலத்துது, ஆயிரத்து நூறு வருஷம் ஆகுது. முப்பது குடும்புக்கும் எப்படி ஆள் எடுக்கணும், யாரு ஏரி வாரியத்துக்கு வரலாம், யாரு வரக்கூடாதுன்னு எல்லாத்தையும் ஊர் நடுவுல கல்லுல வெட்டி வச்சான். பீரோவுல பூட்டலை. ஏரி வாரியம்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. எங்க ஏரியில எந்த மதகு எந்த வயலுக்குப் பாயுதுன்னு தெரியாத ஒருத்தன் கரையில போய், "இது எதுக்குன்னு தெரியலை, அடைச்சுட்டேன்"னு சொல்லிட்டு வந்தா ஊர் சும்மா விடுமா?

நீங்க பழைய வண்டி வச்சிருந்தா, கார்புரேட்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி செல்போன்ல நாலு பக்கமும் படம் எடுத்துடுங்க. டியூபுக்கும் அது உட்கார்ற நிப்பிளுக்கும் ஒரே நம்பர் எழுதின டேப்பைச் சுத்துங்க. வேலை முடிஞ்சு ஒண்ணு மிஞ்சினா அடைக்க விடாதீங்க. ரெண்டு முனையும் தெரியற வரைக்கும் வண்டி ஷெட்டுலேயே நிக்கட்டும், கல்யாணத்துக்கு பஸ்ல போங்க.

நான் எங்க வண்டியோட டியூப் எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல வரைஞ்சு, எது எங்கேன்னு தமிழ்ல எழுதி, பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில லேமினேஷன் போட்டு வச்சேன். அப்பா ஆயில் மாத்தப் போனப்ப அதை எடுத்துட்டுப் போயிருக்கார். ரெண்டு நாள் கழிச்சு மெக்கானிக் அண்ணன் போன். "தம்பி, அந்தப் படம் எனுக்கு ஒண்ணு ஜெராக்ஸ் வேணும். இங்க ஒரு பச்சை கலர் 800 வந்துகீது, இதுலயும் ஒரு டியூப்பு தொங்குது."

"என் வண்டிப் படத்தை நம்பாதீங்கண்ணே, மாடல் வேற இருக்கும். முதல்ல விரலை வச்சுப் பாருங்க"ன்னேன்.

"வச்சுட்டேன். சும்மா நிக்கும்போதே இழுக்குது."

"மொத்தமான டியூபா?"

"ஆமா."

"அண்ணே, அந்த வண்டியை யாரையும் ஓட்ட விடாதீங்க. நான் சாயங்காலம் பஸ் ஏறுறேன்."

பி.கு: காயலான் கடைக்காரர் அப்பாவுக்கு ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். இப்ப முப்பத்தஞ்சாயிரம் தர்றாராம்.